அழிப்பு நிலுவையில்

மார்ச் 4, திங்கள்

பையைக்கூட இன்னும் வைக்கவில்லை, "அவசரம்" கூப்பிட்டுவிட்டார். எங்கள் மேலாளருக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் அது. அவர் அனுப்பும் எல்லா மெயிலிலும் சிவப்பு ஆச்சரியக்குறி இருக்கும், குடிதண்ணீர்க் கேன் மாற்றச் சொல்லும் மெயில் உட்பட.

விஷயம் இதுதான். நாங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. மெக்கானிக்குகள் இருபத்து மூன்று பேர். இவ்வளவு நாளும் காலையில் ஆபீஸுக்கு வந்து, பலகையில் ஒட்டிய தாளைப் பார்த்து, யாருக்கு எந்தக் கட்டடம், எத்தனை மணி என்று குறித்துக்கொண்டு கிளம்புவார்கள். இனிமேல் தாள் கிடையாது. சர்வரில் இருக்கிற மெயிலும் காலண்டரும் நேராக அவரவர் போனுக்குப் போய்ச் சேர வேண்டும். மாதம் முடிவதற்குள்.

போன் யார் தருவது என்று கேட்டேன். "அவங்கவங்க போன்தான். எல்லார்கிட்டயும்தான் இருக்கே" என்றார்.

என் அறை வாசலில் 'கணினிப் பிரிவு' என்று பலகை தொங்குகிறது. பிரிவு என்றால் நான்தான். நான், ஒரு சர்வர், ஒரு மின்விசிறி.

மார்ச் 7, வியாழன்

முதல் சோதனை என் போனில். மெயில் வந்துவிட்டது. காலண்டர்தான் சண்டித்தனம் செய்கிறது. ஒவ்வொரு வேலையும் இரண்டு தடவை காட்டுகிறது, அதுவும் இரண்டாவது தடவை மூன்று மணி நேரம் முன்னதாக. சர்வர் ஒரு நாட்டு நேரத்திலும் என் போன் இன்னொரு நாட்டு நேரத்திலும் குடித்தனம் செய்கின்றன. பிற்பகல் முழுக்க இதற்கே போனது.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "பரவால்ல, நீ மூணு மணி நேரம் முன்னாடியே கோவப்படுற ஆளுதானே, போன் இப்பத்தான் உன்னைப் புரிஞ்சுக்கிட்டிருக்கு" என்றார். இந்த மனுஷனுக்குப் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

மார்ச் 11, திங்கள்

நேரக் கோளாறு சரியாகிவிட்டது. சந்தோஷத்தில் அண்ணனோடு சாப்பிட உட்கார்ந்தேன்.

அண்ணன் என்றால் மெக்கானிக்குகளில் மூத்தவர். நான் சேர்ந்த முதல் வாரம், சர்வர் அறைக்குக் கதவே இல்லாத காலம், யாரும் சொல்லாமலே ஒரு கதவைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். "பொண்ணு தனியா உக்காந்திருக்கு, ஒரு கதவாவது வேணாமா" என்றாராம். அன்றிலிருந்து நான் தங்கச்சி. பதினொரு வருஷம். அவர் ஆபீஸில் இருக்கும் நாளெல்லாம் மதியச் சாப்பாடு என் அறை வாசல் பெஞ்சில்தான்.

அண்ணிக்குப் போன வருஷம் ஜனவரியில் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. இப்போது எல்லாம் நோட்டில் எழுதிக் காட்டுகிறார். அதற்கு முன்னால் எப்படி என்றால், அண்ணிக்கு டைப் அடிக்கப் பிடிக்காது, தினமும் மதியம் அண்ணனுக்குப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். அது எல்லாமே அண்ணன் போனில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் ஒன்றோ இரண்டோ போட்டுக் கேட்பார். வரிசையாகக் கேட்டு, முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் இருப்பதால் நானும் கேட்பேன்.

இன்று வந்தது: "ஏங்க, மோட்டார் மறுபடி நின்னு போச்சு. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டுறீங்க, நம்ம வீட்டு மோட்டாரை யாரு ஓட்டுறது? பதில் சொல்லிட்டு வேலையப் பாருங்க."

"அப்பல்லாம் திட்டுறாளேன்னு பாதியில நிறுத்திடுவேன்மா. இப்ப முழுசா கேக்குறேன்" என்றார் அண்ணன். நான் டிபன் பாக்ஸைக் கழுவப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

மார்ச் 13, புதன்

மெக்கானிக்குகளைப் பணிமனையில் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கணக்கைச் சேர்க்கும்போது போனில் ஒரு அறிவிப்பு வரும். பாஸ்வேர்ட் கட்டாயம், இந்த சர்வர் உங்கள் போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கலாம், சம்மதமா என்று. அதைப் பார்த்ததும் கூட்டத்தில் சலசலப்பு.

"என் போனை ஆபீஸ் எதுக்கு அழிக்கணும்?" என்றார் ஒருவர். "என் புள்ளைங்க போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு" என்றார் இன்னொருவர்.

"அது சும்மா வர்ற எழுத்து. எல்லாக் கம்பெனியிலயும் இதேதான் வரும். சர்வர்ல உக்காந்திருக்கிறது நான்தானே, நான் அழிப்பேனா?" என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை. அண்ணன்தான் முதலில் அமுக்கினார். "தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும். அமுக்குங்கப்பா, வேலை கெடக்கு." அப்புறம் எல்லாரும் அமுக்கினார்கள். பதினேழு பேர் ஒரே நாளில். மற்றவர்கள் வெளியே வேலையில்.

மார்ச் 18, திங்கள்

அண்ணன் போனில் இடமில்லை என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறதாம். "உங்க அண்ணி பேசினதையெல்லாம் வேற எங்கயாவது எடுத்து வச்சுடணும்மா. நானூறுக்கு மேல இருக்கு." இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் உட்கார்ந்து செய்து தருகிறேன் என்றேன்.

மார்ச் 22, வெள்ளி

இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. "நன்று" என்று ஒரே வார்த்தையில் மெயில் அனுப்பினார் அவசரம். சிவப்புக் குறியோடு.

மார்ச் 26, செவ்வாய்

அண்ணன் போனில் இருக்கிற பதிவுகளை இன்றும் எடுத்து வைக்கவில்லை. அவர் நினைவுபடுத்தவும் இல்லை; கேட்டதையே திரும்பக் கேட்கிற ஆள் இல்லை அவர். வெள்ளிக்கிழமை கட்டாயம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

பிற்பகல் இரண்டரைக்கு இன்னொரு மெக்கானிக் போனிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். "போனைக் காணோம்மா. வண்டியிலயும் இல்ல, மாடியிலயும் இல்ல. அடிச்சா அணைஞ்சிருக்குன்னு சொல்லுது." குரலே சரியில்லை.

போன் தொலைந்தால் மேலாளரிடம் சொல்ல வேண்டும் என்று விதி எழுதியதே நான்தான். சொன்னேன். ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்ட் இயந்திர அறைக் கதவைத் திறக்க ஒரு ரகசிய எண் உண்டு, அது எல்லாம் மெயிலில் போகிறது. அவசரம் எழுந்து என் அறைக்கே வந்து பின்னால் நின்றுகொண்டார்.

திரையில் இரண்டு வழி இருக்கிறது. கணக்கை மட்டும் நீக்குவது, போன் முழுவதையும் அழிப்பது. "மெயிலை மட்டும் எடுத்தாப் போதும் சார்" என்றேன். "நம்ம ஆளுங்க கதவு எண்ணை போட்டோ எடுத்து போன்லயே வச்சிருப்பாங்கம்மா. முழுசா அழி" என்றார்.

அழுத்தினேன். 'அழிப்பு நிலுவையில் உள்ளது' என்று வந்தது. போன் அணைந்து கிடப்பதால் உத்தரவு சர்வரிலேயே காத்திருக்கும். எப்போது அந்தப் போன் உயிர்பெற்று சர்வரைத் தொடுகிறதோ, அப்போது வேலை முடிந்துவிடும்.

அண்ணியின் குரல் நினைவுக்கு வந்ததா? வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். தொலைந்தது தொலைந்ததுதானே, திருடன் கையில் அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. தேடிக்கொண்டிருக்கும் மனுஷனிடம் அதை எந்த வாயால் சொல்வது.

ஏப்ரல் 3, புதன்

என்ன பண்ணிட்டேன். என்ன பண்ணிட்டேன் நான்.

வரிசையாக எழுதுகிறேன். எழுதினாலாவது புரிகிறதா பார்ப்போம்.

காலை எட்டு மணியிலிருந்து யாருக்கும் மெயில் இல்லை. சர்வரின் சான்றிதழ் காலாவதி, அதனால் எந்தப் போனும் அதை நம்பி உள்ளே வரவில்லை. புதுப்பிக்க வேண்டிய தேதி எனக்குத் தெரியும், விட்டுவிட்டேன். மற்ற இருபத்து இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார்கள், எந்தக் கட்டடம், எத்தனை மணி என்று. அவசரம் கதவருகே நின்றுகொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை "ஆச்சா?" என்கிறார்.

பதினொன்று பத்துக்கு அண்ணன் கூப்பிட்டார், அவர் வீட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து. "கெடைச்சிருச்சும்மா. கருவிப் பையில அடியில, எண்ணெய்த் துணிக்குள்ள சுருண்டு கெடந்துச்சு. சார்ஜ் இல்லாம அணைஞ்சிருக்கு, அவ்வளவுதான்." சிரித்தார். "நல்லதாப் போச்சு அண்ணா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். ஒரு கையில் போன், இன்னொரு கையில் மவுஸ்.

அப்போது ஒரே ஒரு இடத்தில் போய் ரத்து என்று அழுத்தியிருந்தால் போதும். இல்லை, அவரிடம் "சார்ஜ் போடாதீங்க" என்று இரண்டு வார்த்தை. எனக்கு அந்த நினைப்பே இல்லை.

பதினொன்று நாற்பதுக்கு சர்வரைச் சரிசெய்தேன். வெளியே யாரோ கைதட்டினார்கள். எல்லாப் போனும் ஒன்றாக உள்ளே வந்தன. அண்ணன் போன் அதற்குள் சார்ஜில் ஏறி, எல்லாப் போனையும் போல வாசலில் நின்று காத்திருந்திருக்கிறது. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு சர்வர் எனக்கு ஒரு மெயில் அனுப்பியது. அழிப்பு முடிந்தது.

சர்வர் பழுதாகவே கிடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் சரிபண்ணினதுதான் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மூன்று மணிக்கு அண்ணன் வந்தார். போனை நீட்டினார். "வணக்கம், மொழியைத் தேர்வு செய்ங்கன்னு கேக்குதும்மா. புதுப் போன் மாதிரி. என்னோடது ஒண்ணுமே இல்ல. பாரேன்."

வாங்கிப் பார்த்தேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. "பழைய போன் அண்ணா. சார்ஜ் சுத்தமா எறங்கினா சில சமயம் இப்படி ஆகும்" என்றேன்.

நானா சொன்னேன் அதை.

ஏப்ரல் 4, வியாழன்

ஆபீஸ் போகவில்லை. தலைவலி என்றேன். வீட்டுக்காரர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லையே" என்றார். இல்லைதான்.

ஏப்ரல் 5, வெள்ளி

அவசரத்திடம் நடந்ததைச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அவர்கிட்ட நீ என்ன சொன்னே?" என்று கேட்டார். தானாக அழிந்துவிட்டது என்று சொன்னதாகச் சொன்னேன். "அப்ப அப்படியே இருக்கட்டும். சம்மதம்னு அவரே அமுக்கியிருக்கார். தெரிஞ்சா மத்தவங்களும் குதிப்பாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதுக்கு என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 10, புதன்

அழிந்ததை மீட்டுத் தருவதாகப் பலகை போட்ட கடைகள் மூன்றுக்கும் அண்ணன் போனை எடுத்துக்கொண்டு அலைந்துவிட்டேன். மெமரி கார்டிலாவது மிச்சம் இருக்கும் என்று நம்பினேன், உத்தரவு அதையும் விடவில்லை. மூன்றாவது கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "தானா போனா ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கும் மேடம். இது யாரோ சர்வர்லருந்து அழிச்சிருக்காங்க. பெட்டி இருக்கு, சாவியை உருக்கிட்டாங்க."

திரும்பி வந்தபோது பெஞ்சில் அண்ணன் இரண்டு டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "விடும்மா. நீ என்ன பண்ணுவ. எனக்காக இவ்வளவு அலையுற" என்றார்.

டீயைக் குடித்தேன். குடித்துத் தொலைத்தேன்.

ஏப்ரல் 15, திங்கள்

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. போனை எடுக்கிறார். திரையைத் துடைக்கிறார். திரும்ப உள்ளே வைக்கிறார். இன்று மூன்று முறை.

வேறு எங்காவது அண்ணியின் குரல் இருக்குமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டுதான் போட்டிருக்கிறார்களாம், ஒருத்தர் பேச்சும் கேட்காது. பிள்ளைகள் இல்லாத வீடு, வீடியோ எடுக்க ஆளில்லை. "அவ போன்ல இருக்குமான்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டிட்டா. ஏன் இல்லன்னு சொல்லல" என்றார்.

ஏப்ரல் 20, சனி

அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அண்ணி வீட்டுக்குப் போனேன். ஏதாவது ஒரு மூலையில் ஒரு பதிவாவது இருக்கும், தேடிப் பார்க்கலாம் என்று சாக்கு.

அண்ணி கழுத்தில் மெல்லிய துணி கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு, கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். அடுப்பை ஏற்றிவிட்டு நோட்டோடு வந்து உட்கார்ந்தார். 'இளைச்சுட்டியே. வீட்டுல சமைக்கிறது நீயா, அவரா?' எழுதுவதும் பேசுவதைப் போலவேதான். நான் அவர் போனைக் கேட்டேன். கொடுத்தார். ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தேதிக்கு முந்தையது ஒன்றுகூட இல்லை.

'நான்தான் அழிச்சேன். வீட்டுக்கு வந்த அன்னிக்கே' என்று எழுதினார்.

அதைப் படித்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தொலைந்தது, அழுத்தியது, அவர் கூப்பிட்டது, நான் மறந்தது, பொய் சொன்னது. அழுதுகொண்டே பேசினால் பாதி புரியாது, ஆனால் அண்ணி குறுக்கே கையைக்கூட அசைக்காமல் கேட்டார்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார். பிறகு எழுதினார், நிறுத்தி நிறுத்தி.

'அந்த போன்ல பேசுறவ எனக்கு சக்களத்தி மாதிரி இருந்தா. சாப்பிடும்போது அவளைக் கேப்பார். பஸ்ல அவளைக் கேப்பார். வீட்டுக்கு வந்தா நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள சரி சரின்னுட்டு எழுந்து போயிடுவார். போனா போகட்டும்னு எனக்குத் தோணுது. தப்புதான். ஆனா தோணுது.'

அடுத்த பக்கத்தைப் புரட்டி எழுதினார்: 'அவருக்குத் தெரியணும். நீயே சொல்லு. என்னைச் சொல்லச் சொல்லாதே, எனக்குத்தான் வாய் இல்லையே.'

எழுதிவிட்டுச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

சொல்லாமல் இருந்துவிட எல்லாருமே எனக்கு ஒரு காரணம் தருகிறார்கள். மேலாளர் ஒன்று தந்தார், அண்ணியே ஒன்று தந்துவிட்டார். நல்லதுதான் நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடலாம். அண்ணன் வாங்கித் தந்த அந்த டீதான் என்னை விட மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 22, திங்கள்

சொல்லிவிட்டேன்.

பணிமனையில் பின்பக்கம் ஒரு லிஃப்ட் கதவின் உருளையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. சுத்தமான இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"நான் எத்தனை மணிக்குக் கூப்பிட்டேன்?"

"பதினொண்ணு பத்து."

"அழிஞ்சது?"

"பதினொண்ணு நாப்பத்திரெண்டு."

எதையோ எண்ணுவது போல உதட்டை அசைத்தார். "அரை மணி நேரம் இருந்திருக்கு" என்றார்.

திட்டவில்லை. உருளையைப் பெட்டியில் வைத்தார், கையைக் கழுவினார், கருவிப் பையை எடுத்துக்கொண்டார். போகும்போது, "ரெண்டு மணிக்கு எனக்கு வேலை இருக்கு மேடம்" என்றார்.

மேடம்.

ஏப்ரல் 24, புதன்

பெஞ்சில் தனியாகச் சாப்பிட்டேன். பாதிதான் இறங்கியது.

மே 3, வெள்ளி

விஷயம் பணிமனை முழுக்கப் பரவிவிட்டது. அண்ணன் சொல்லியிருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். இங்கே சுவருக்கும் காது உண்டு, லிஃப்டுக்கும் உண்டு. ஒவ்வொருவராகத் தங்கள் போனிலிருந்து ஆபீஸ் கணக்கை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலில் இன்று மிச்சம் ஒன்பது போன்கள். பலகையில் பழையபடி தாள் ஒட்டியாகிறது, காலையில் நானே ஒட்டுகிறேன்.

அவசரம் எனக்கு விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார். முழுசா அழி என்று சொன்னது யார் என்று அந்தக் கடிதத்தில் இல்லை. நானும் பதிலில் அதை எழுதவில்லை. அவரும் சேர்ந்து அழுத்தியதால் என் பங்கு குறையப் போகிறதா?

போன் முழுவதையும் அழிக்கும் வழியை சர்வரிலிருந்தே எடுத்துவிட்டேன். இனி யார் சொன்னாலும், நானே நினைத்தாலும், மெயிலும் காலண்டரும் மட்டும்தான் போகும். இதைச் செய்ய எனக்கு நாலு நிமிஷம் ஆயிற்று. நாலே நிமிஷம்.

மே 17, வெள்ளி

அண்ணனுக்கும் எனக்கும் இடையில் இப்போது வேலைப் பேச்சு மட்டும். "தாள்ல மூணாவது வரி தெரியல மேடம்." "மாத்தி ஒட்டுறேன் அண்ணா." நான் இன்னும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். அதை வேண்டாம் என்று அவர் சொல்லவும் இல்லை.

"அவர் ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட உனக்குப் பரவால்லாம இருந்திருக்கும், இல்ல?" என்றார் வீட்டுக்காரர். எப்போதாவது இந்த மனுஷன் சரியாகச் சொல்லிவிடுகிறார்.

ஜூன் 6, வியாழன்

அண்ணியிடமிருந்து ஒரு செய்தி. டைப் அடிக்கப் பிடிக்காதவர் இவ்வளவு நீளம் அடித்திருக்கிறார்.

'இப்ப எல்லாம் நான் எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருக்கார். எழுதினதை வாய்விட்டுப் படிக்கிறார், சின்னப் பிள்ளை பாடம் படிக்கிற மாதிரி. நான் கேட்டது இதைத்தான். கெடைச்சதும் பாவமா இருக்கு. நடுவுல நிறுத்திட்டு எங்கயோ பாக்குறார். என்ன தேடுறார்னு எனக்குத் தெரியும். நீ சாப்பிடுறியா ஒழுங்கா?'

என்ன பதில் அனுப்புவது என்று தெரியாமல், சாப்பிடுகிறேன் என்று மட்டும் அனுப்பினேன்.

ஜூன் 13, வியாழன்

பட்டியலில் பதினாறு போன்கள். மெல்ல மெல்லத் திரும்பி வருகிறார்கள். சேர்க்கும்போது வரும் அறிவிப்பை இந்த முறை நானே ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். சிலர் சம்மதம் என்றார்கள், சிலர் தாளே போதும் என்றார்கள். அண்ணன் வரவில்லை.

ஜூன் 20, வியாழன்

மதியம் கதவைத் தட்டிவிட்டு அண்ணன் உள்ளே வந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு. காலண்டர் விஷயம் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். கதவைச் சாத்தினார். சர்வர் விசிறியின் இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாம் மனப்பாடமா இருக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "என்ன சொன்னா, எந்த எடத்துல இருமினா, எல்லாம். ஆனா நெனைச்சுப் பாத்தா என் குரல்லதான் கேக்குது. இப்ப அவ எழுதுறத நான்தானே படிக்கிறேன், அதுவும் இதுவும் ஒண்ணாயிடுச்சு. அவளோடது வர மாட்டேங்குது."

மன்னிப்புக் கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார் என்று தோன்றியது.

"நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கீங்க. எனக்கு அடுத்து அதை அதிகமா கேட்டது நீங்கதான். ஞாபகம் இருந்தா ஒண்ணு சொல்லிக் காட்டுங்க. அவ சொல்ற மாதிரி."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது. மோட்டார் நின்று போனதைச் சொன்னேன். "ஏங்க, மோட்டார் மறுபடி நின்னு போச்சு." என் வாயிலிருந்து அந்த 'ஏங்க' வந்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

"இல்ல" என்றார். "ஏங்கன்னு இழுத்துட்டு ஒரு நொடி நிறுத்துவா. நான் கேக்குறேனான்னு பாக்குற மாதிரி."

இழுத்து, நிறுத்திச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் மூக்கால் என்றார். மூன்றாவது முறையும் சரியென்று தலையாட்டவில்லை. நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஆங். இப்படித்தான்" என்றார். கண்ணைத் திறக்க நேரமாயிற்று.

நான்காவது முறை நான் சொன்னது அண்ணி சொன்னதைப் போலவா இருந்தது? எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அவருக்கு எது வேண்டுமோ அதைச் சேர்த்துக்கொண்டே போனேன். இழுப்பு அவர் சொன்னது, மூக்கு அவர் சொன்னது, மற்றது என்னுடையது. இனிமேல் அண்ணியை நினைத்தால் அவர் காதில் நான்தான் பேசுவேன். அது எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியாது.

எழுந்து கதவைத் திறந்தவர், "செவ்வாய்க்கிழமை ஆபீஸ்லதான் இருப்பேன். மதியம் வரேன்" என்றார்.

வாங்க என்றேன்.